ஒரே தாளில் வருந்தவும்: திருந்திய மைனரும் நம்பாத நாயகியும் வரும் ரீஜன்சி நகைச்சுவைக் காதல் கதை எழுத ஒரு முழு வழிகாட்டி

ஆங்கிலக் காதல் கதைகளில் ‘ரேக்’ என்று ஒருத்தன் வருவான். அகராதியைப் புரட்டினால் காமுகன், ஊதாரி, ஸ்திரீலோலன் என்று என்னென்னவோ போட்டிருக்கும், எதுவும் சரியாக உட்காராது. நம்மிடம் அதற்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு சொல் இருக்கிறது: மைனர். அப்பன் சொத்து, பட்டு ஜிப்பா, கழுத்தில் செயின், சாயங்காலமானால் வில்வண்டி, எந்த வீட்டு வாசலில் அது நிற்கிறது என்று ஊருக்கே தெரியும். அந்த மைனரின் ஜிப்பாவைக் கழற்றிவிட்டு இறுக்கமான கோட்டும் கஞ்சி போட்ட கழுத்துத்துணியும் மாட்டி, கர்ரிக்கிள் என்ற ரெட்டைக்குதிரை வண்டியில் ஏற்றி, லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் இறக்கிவிட்டால் அவன்தான் ரேக்.

இந்த மைனர் ஒரு பெண்ணைப் பார்த்து மனம் மாறுகிறான், அவளோ இவனை நம்பத் தயாரில்லை, இந்த இழுபறியைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வதுதான் நாம் எழுதப்போகும் கதை. கேட்க எளிதாக இருக்கும். எழுத உட்கார்ந்தால் மூன்றாவது அத்தியாயத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் அங்கே அவன் கண்ணைப் பார்த்து அவள் உருகிவிடுவாள், அதோடு கதை தீர்ந்தது, பாக்கி இருபது அத்தியாயத்தை ஓட்ட ஒரு கடத்தலையோ காய்ச்சலையோ கொண்டுவருவீர்கள். நானும் கொண்டுவந்திருக்கிறேன். காய்ச்சல்தான். நாயகியை மூன்று அத்தியாயம் படுக்கவைத்தேன்.

அதற்கு அப்புறம்தான் ஒன்று புரிந்தது. அவளுடைய பயம் நியாயமான பயம், அதைக் கேலி செய்யக் கூடாது. சிரிப்பு மொத்தமும் அவன் தலையில்தான் விழ வேண்டும். கீழே சொல்லியிருக்கும் எல்லாமே இதற்காகத்தான்.

முதல் படி: ஒரு வருஷத்தைப் பிடியுங்கள்

ரீஜன்சி என்றால் கணக்காக 5 பிப்ரவரி 1811 முதல் 29 ஜனவரி 1820 வரை. மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குச் சித்தம் கலங்கிப்போனதால் அவர் மகன் ரீஜன்ட்டாக, அதாவது அப்பாவுக்குப் பதிலாக உட்கார்ந்து ஆண்ட சுமார் ஒன்பது வருஷம். ‘பழைய காலத்து இங்கிலாந்து’ என்று பொத்தாம்பொதுவாக வைத்துக்கொண்டால் விக்டோரியா காலத்து ரயிலெல்லாம் உள்ளே புகுந்துவிடும். என் முதல் கதையில், 1813-ல், நாயகன் ஸ்டைலாகத் தீக்குச்சி உரசிச் சுருட்டுப் பற்றவைத்தான். உரசிப் பற்றவைக்கும் தீக்குச்சி கடைக்கு வந்ததே 1827-ல். படித்துப் பார்த்த தோழி, “பதினாலு வருஷம் முன்னாடியே எங்கேப்பா வாங்கினான்?” என்று கேட்டாள். இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வருஷத்தைப் பிடித்துவிட்டால் காட்சிகள் தேடி வரும். 1814 பிப்ரவரி வேண்டுமா? தேம்ஸ் நதி உறைந்து, அதன்மேல் கடை போட்டு, பிளாக்ஃப்ரையர்ஸ் பாலத்துப் பக்கம் ஒரு யானையைக்கூட நடத்திக் காட்டினார்கள். அந்தப் பனியில் பத்து மைனர்கள் வழுக்கி விழலாம். 1816 என்றால் முந்தைய வருஷம் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததால் கோடையே வரவில்லை, தோட்டத்தில் மண்டியிட்டுக் காதல் சொல்கிறவன் முழங்கால் வரை சேறு. 1817 நவம்பரில் மட்டும் நடன விருந்து வைத்துவிடாதீர்கள், இளவரசி சார்லட் பிரசவத்தை ஒட்டி இறந்து நாடே கறுப்பு உடுத்தியிருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்தது 1819. பெடல் இல்லாத, காலால் தரையை உதைத்து ஓட்டுகிற இரண்டு சக்கர மரவண்டி அப்போது லண்டனில் ஒரே பைத்தியமாகப் பரவியிருந்தது. கர்வம் பிடித்த ஆளை அதில் ஏற்றி ஒரு இறக்கத்தில் விட்டுவிடுங்கள், மீதியை இறக்கம் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது படி: அவனுடைய பாவக் கணக்கு

தனியாக ஒரு தாள் எடுத்து, அவன் என்ன செய்தான், யாரோடு, எவ்வளவு கடன், யார் அழுதார்கள் என்று வரிசையாக எழுதுங்கள். கதையில் இதில் கால்வாசிகூட வராது. ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதைத் தட்டிக்கழிக்கிறவர்கள் கடைசியில் ஒரு கோழைத்தனமான தந்திரத்துக்குப் போவார்கள்: ‘எல்லாம் வதந்தி, உண்மையில் அவன் யாரையும் தொட்டதே இல்லை, தம்பியின் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான்.’ அப்புறம் திருந்துவதற்கு என்ன இருக்கிறது? தப்பே செய்யாதவன் திருந்துவது, பசிக்காதவன் விரதம் இருப்பது மாதிரி.

எவ்வளவு தூரம் போகலாம்? கடன், சூதாட்டம், குடி, இஷ்டப்பட்டு வந்த விதவைச் சீமாட்டி, ஓபரா நடனக்காரி, இதையெல்லாம் வாசகி மன்னிப்பாள். பலவந்தம் செய்தவனை மன்னிக்கமாட்டாள், மன்னிக்கவும் கூடாது. ஒன்றும் தெரியாத பெண்ணை ஆசைகாட்டிக் கெடுத்துவிட்டுக் கைகழுவினவனையும் அப்படித்தான். நம்மூர் இணையத் தொடர்களில் முதல் அத்தியாயத்தில் நாயகியை அறைந்துவிட்டுப் பத்தாவது அத்தியாயத்தில் தாலி கட்டும் ‘ஆன்டி ஹீரோ’ இருக்கிறாரே, அவரை இந்தப் பக்கம் அழைத்து வராதீர்கள். அவர் திருந்துவதில்லை, களைத்துப் போகிறார், அவ்வளவுதான்.

கடனைப் பற்றி ஒரு விஷயம், பின்னால் நிறைய உதவும். அந்தக் காலத்துக் கனவான் சீட்டாட்டத்தில் தோற்ற பணத்தை உடனே கொடுத்துவிடுவான், அது ‘மானக்கடன்’. தையல்காரன், மளிகைக்காரன் பாக்கியை வருஷக்கணக்கில் இழுத்தடிப்பான், அது ஒரு கடனாகவே அவனுக்குப் படாது. லண்டனுக்கே எப்படி உடுத்துவது என்று சொல்லிக்கொடுத்த போ பிரம்மல் 1816 மே மாதம் கடன்காரர்களுக்குப் பயந்து பிரான்சின் கலே ஊருக்கு ஓடிப்போனார்.

அவன் சொத்து எங்கிருந்து வந்தது என்பதையும் அந்தத் தாளில் குறித்துவையுங்கள். ஜமைக்கா கரும்புத் தோட்டம் என்றால் அதில் அடிமைகளின் ரத்தம் இருக்கிறது. அடிமை வியாபாரத்தை 1807-லேயே தடை செய்தாலும் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது 1833-ல்தான். தாத்தா கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு வந்து மதராஸில் சேர்த்தது என்றால் அது யார் வயிற்றில் அடித்தது என்று நமக்கே தெரியும். இது நகைச்சுவைக் கதைதான், பாடம் நடத்த வேண்டாம். ஆனாலும் நாயகி ஒரு வரியில் குத்தலாம். குத்தட்டும்.

மூன்றாவது படி: அவள் ஏன் நம்பவில்லை

இங்கேதான் நிறையப் பேர் சோம்பலாக இருக்கிறார்கள். ‘சின்ன வயதில் ஒருவன் ஏமாற்றிவிட்டான்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அதெல்லாம் வேண்டியதில்லை, அன்றைய இங்கிலாந்துச் சட்டம் ஒன்றே போதும், எந்தப் புத்தியுள்ள பெண்ணும் நடுங்கிவிடுவாள்.

கல்யாணமானதும் சட்டத்தின் கண்ணில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஆள், அந்த ஒரே ஆள் புருஷன். அவள் கையிலிருக்கும் ரொக்கம், நகை, சம்பாத்தியம் எல்லாம் அவனுக்குப் போய்விடும், நிலம் இருந்தால் அதன் வருமானமும் அவன் கையில். அவன் அதைச் சீட்டாட்டத்தில் வைத்துத் தோற்றால் அவளால் ஒன்றும் கேட்க முடியாது. இதை மாற்றும் சட்டங்கள் 1870-லும் 1882-லும்தான் வந்தன. குழந்தைகள் அப்பாவுக்குத்தான் சொந்தம், பிரிந்துபோன அம்மா சின்னக் குழந்தையைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வழக்குப் போடவே 1839 வரை வழியில்லை. விவாகரத்தா? மறுபடி கல்யாணம் செய்துகொள்ளும்படியான முழு விவாகரத்து வேண்டுமானால் பாராளுமன்றத்தில் தனிச் சட்டமே போட வேண்டும். 1857-ல் அந்த முறை மாறும் வரை, அப்படி வாங்க முடிந்த பெண்கள் மொத்தம் நாலே பேர்.

இப்போது நம் நாயகியைக் கொண்டுவருவோம். உதாரணத்துக்கு மிஸ் ஹாரியட் ப்ரூம், வயது 26, பாத் நகரில் அத்தையோடு இருக்கிறாள், அம்மா வழியாக வந்த 8,000 பவுண்டு இருக்கிறது. வட்டியில் கௌரவமாகச் சாப்பிடலாம், புத்தகம் வாங்கலாம், யாரிடமும் கை நீட்ட வேண்டாம். நாயகன் நெட் ஹாலோவே, ஒரு ஏர்ல் பிரபுவின் தம்பி, அதனால் பட்டம் கிடையாது, வெறும் மிஸ்டர். கடன் 3,000 பவுண்டு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவன் எவ்வளவு அழகாகச் சிரித்தாலும் ஹாரியட்டின் காதில் என்ன விழும்? எண்ணாயிரத்தில் மூவாயிரம் போனால் ஐயாயிரம் என்ற கழித்தல் கணக்குத்தான். அவளைப் பயந்தாங்கொள்ளியாக எழுத வேண்டாம், கணக்குத் தெரிந்தவளாக எழுதுங்கள். அவனை அவளுக்குப் பிடித்தும் இருக்க வேண்டும், அதுதான் வேதனை. பிடிக்காதவனை நம்பாமலிருப்பது பெரிய வித்தையா?

நாலாவது படி: திருந்துவது எப்படி

‘திருந்திய ரேக்தான் உத்தமமான புருஷன்’ என்று அங்கே ஒரு பேச்சு வெகு நாளாக இருந்தது. நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சன் 1740-ல் எழுதிய கதையில் வேலைக்காரப் பெண் தன் எஜமானனைத் திருத்திக் கட்டிக்கொள்கிறாள். அதே மனிதர் எட்டு வருஷம் கழித்து எழுதிய ‘கிளாரிசா’வில் கதையைத் தலைகீழாக்கி, இந்த எண்ணம் ஆபத்தானது என்று முன்னுரையிலேயே எச்சரித்தார். ஆக, நாம் எழுதப்போவது அவர்கள் அப்போதே சண்டை போட்டுக்கொண்டிருந்த விஷயம்.

நிஜத்தில் நடந்த கதையும் ஒன்று உண்டு, எழுத உட்காருவதற்கு முன் படித்துவிடுங்கள். கவிஞர் பைரன் 1812-ல் ஒரே புத்தகத்தில் லண்டனின் செல்லப்பிள்ளையானார், அதே வருஷம் அனபெல்லா மில்பேங்க் என்ற பெண்ணைக் கேட்டார். அவள் கணக்கில் புலி, எதையும் யோசித்துச் செய்கிறவள். மாட்டேன் என்றாள். அப்புறம் யோசித்தாள், இந்த மனிதரை நல்வழிக்குக் கொண்டுவரலாம் என்ற நம்பிக்கை வந்தது, 1814-ல் மறுபடி கேட்டபோது சம்மதித்தாள். 1815 ஜனவரி 2-ம் தேதி கல்யாணம், டிசம்பரில் மகள் ஏடா பிறந்தாள், அடுத்த மாதமே அனபெல்லா கைக்குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், ஏப்ரலில் பைரன் இங்கிலாந்தை விட்டுப் போனார், உயிரோடு திரும்பவில்லை.

எங்கே தப்பு? திருத்துகிற வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். உங்கள் கதையில் இது நடக்கக் கூடாது. ஹாரியட் ஆஸ்பத்திரி நடத்தவில்லை. நெட் தானாகத் திருந்த வேண்டும், அவள் பார்க்காத இடத்தில் திருந்த வேண்டும், ‘அவள் கிடைக்கமாட்டாள்’ என்று தெரிந்த அப்புறமும் அதை விடாமல் செய்ய வேண்டும். பேசக் கூடாது. பேசத் தெரிந்ததுதான் அவன் கெட்டதற்கே காரணம்.

அதைச் சிரிப்பாகச் செய்வது எப்படி என்று கேட்டால், இதோ ஒன்று. நெட் தன் தையல்காரர் கடைக்குப் போய் நாலு வருஷப் பாக்கியை முழுசாகக் கொடுக்கிறான். தையல்காரர் பணத்தைப் பார்க்கிறார், அவனைப் பார்க்கிறார், நாற்காலியை இழுத்துப் போடுகிறார், தாழ்ந்த குரலில், “டாக்டர் என்ன சொன்னார், ஐயா?” என்கிறார். சாயங்காலத்துக்குள் மிஸ்டர் ஹாலோவே சாகக் கிடக்கிறார் என்று கிளப் முழுக்கச் செய்தி. இரண்டு பேர் அவன் குதிரையை விலைக்குக் கேட்டு ஆள் அனுப்புகிறார்கள். பழைய சிநேகிதி ஒருத்தி கண்ணீரோடு வந்து, அவனைக் கண்டதும் “நன்றாகத்தானே இருக்கிறாய்!” என்று கோபித்துக்கொண்டு போகிறாள். ஹாரியட்டுக்கு இது மூன்றாவது மனிதர் வழியாக, இரண்டு வாரம் கழித்து, தப்புத் தப்பாகத் தெரியவருகிறது. அவள் வேறு யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்கிறாள்: “பாக்கியைக் கொடுத்தாரா? எவ்வளவு?”

ஐந்தாவது படி: சிரிப்பை எங்கிருந்து எடுப்பது

விதிகளிலிருந்து. அந்தச் சமூகத்தில் மூச்சு விடுவதைத் தவிர எல்லாவற்றுக்கும் ஒரு விதி இருந்தது, ஒவ்வொரு விதியும் ஒரு கண்ணிவெடி.

ஒரு விருந்தில் ஒரே ஆளோடு இரண்டு தடவைக்கு மேல் ஆடினால் ஊர் நிச்சயதார்த்தம் செய்துவிடும். ஒருவன் ஆடக் கூப்பிட்டு ‘நான் ஆடவில்லை’ என்று மறுத்தால் அன்று இரவு வேறு யாரோடும் ஆடக் கூடாது. ஆக, நெட்டைத் தவிர்க்க ஹாரியட் அப்படிச் சொல்லிவிட்டு, ஆசைப்பட்டு வாங்கிய புது ஷூவோடு சுவரோரம் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அவனும் ஆடாமல் இரண்டு நாற்காலி தள்ளி அவள் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தையின் மூட்டுவலியைப் பற்றி ஒரு மணிநேரம் கேட்க வேண்டும். இடம் லண்டனின் ஆல்மாக்ஸ் என்றால் இன்னும் விசேஷம். புதன்கிழமை தோறும் நடக்கும், சீட்டுக் கிடைப்பதை ஒரு சில சீமாட்டிகள் தீர்மானிப்பார்கள், டியூக்காகவே இருந்தாலும் அவர்கள் முகம் சுளித்தால் வெளியேதான். அவ்வளவு தவம் கிடந்து உள்ளே போனால் கிடைப்பது எலுமிச்சை ஜூஸும் மெலிசாக வெட்டிய ரொட்டியும். மது கிடையாது. குடித்தே பழகினவனுக்கு அந்த எலுமிச்சை ஜூஸ்தான் முதல் சோதனை.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த விதி தபால். அந்தக் காலத்தில் தபால் கட்டணம் பெரும்பாலும் வாங்குகிறவர் தலையில். தூரத்துக்கு ஒரு விலை, தாளுக்குத் தாள் அது பெருகும். லண்டனிலிருந்து பாத் நூறு மைலுக்குச் சற்று மேல், 1814-ல் ஒரு தாளுக்கு 9 பென்னி. கூடவே இன்னொரு விதி, கல்யாணம் நிச்சயமாகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்ளக் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டால் காட்சி தயார்.

நெட் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும், ஹாரியட்டுக்கு எழுத முடியாது, அதனால் அத்தைக்கு எழுதுகிறான். இரவெல்லாம் விழித்து நாலு தாள். காலைச் சாப்பாட்டு நேரத்தில் தபால்காரன் கதவைத் தட்டி மூன்று ஷில்லிங், அதாவது 36 பென்னி கேட்கிறான். அத்தை பர்ஸை எடுத்து ஒவ்வொரு காசாக எண்ணி வைக்கிறாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தம் போட்டுப் படிக்க ஆரம்பிக்கிறாள், வேலைக்காரப் பெண் தேநீர்ப் பாத்திரத்தோடு நகராமல் நிற்கிறாள்.

“‘என் கடந்தகாலம் ஒரு பாலைவனம்...’ இதுக்கே ஒன்பது பென்னி ஆச்சு, ஹாரியட்.”

“அடுத்த தாளுக்குப் போங்கள், அத்தை.”

“அடுத்ததிலும் பாலைவனம்தான் இருக்கிறது.”

ஹாரியட் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, முகத்தை நிமிர்த்தாமல், பதில் சொல்கிறாள். அத்தை அதை அப்படியே எழுதி அனுப்புகிறாள்: ‘கடிதம் கிடைத்தது. என் மருமகள் கேட்டுக்கொண்டபடி எழுதுகிறேன். இனிமேல் ஒரே தாளில் வருந்தவும்.’

இத்தோடு விடாதீர்கள். பிரபுக்களுக்கும் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் தபால் இலவசம், ஒரு நாளைக்குப் பத்துக் கடிதம் வரை அனுப்பலாம், ஆனால் முகவரி முழுக்க அவர்கள் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நெட்டின் அண்ணன் ஏர்ல். அதனால் அடுத்த கடிதத்துக்கு அண்ணனிடம் போய் நிற்கிறான். ‘முகவரி யாருக்கு? ஒரு கிழவிக்கா?’ என்று அண்ணன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்வி கேட்கிறார். விதி ஒன்றுதான், அதை மூன்று தடவை கறந்திருக்கிறோம். வாழைப்பழத் தோலில் வழுக்குவதைவிட இது மேல்.

இன்னொன்று. பழசு எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் காலை இடற வேண்டும். இந்த வித்தையில் வள்ளுவரை மிஞ்ச ஆளில்லை: தலைவன் தும்முகிறான், அவள் வாழ்த்துகிறாள், வாழ்த்தின வாயோடு ‘யார் நினைத்துத் தும்மினீர்’ என்று அழுகிறாள். சரி என்று அடுத்த தும்மலை அடக்குகிறான், ‘உம்மவர் நினைப்பதை எனக்கு மறைக்கிறீரா’ என்று அதற்கும் அழுகிறாள். நெட்டுக்கும் அப்படித்தான். அவன் நன்றாக வால்ட்ஸ் ஆடினால் யாரோடு பழகினாய், காலை மிதித்தால் வேண்டுமென்றே நடிக்கிறாயா.

ஆறாவது படி: அத்தையா, சித்தியா

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் வரும் தலைவலி இது. ஆங்கிலத்தில் ‘ஆன்ட்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். நாம் அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், தேர்ந்தெடுத்த உடனே வேறு அர்த்தமெல்லாம் கூட வந்துவிடும். அத்தை என்றால் அவள் மகன் முறைப்பையன் என்று வாசகி மனசில் ஓடும். இங்கிலாந்திலும் அத்தை மகனைக் கட்டுவது சட்டப்படி சரிதான், சர்வசாதாரணமும்கூட. எனவே அந்த மகனைப் போட்டிக்கு விடுங்கள்: ஒழுக்கமானவன், பாதிரியார், பேசினால் தூக்கம் வரும். சித்தி என்றால் பாசம் கூடும், ரகசியம் பேசலாம், அவளே ஒரு காலத்தில் மைனர் ஒருத்தனைக் காதலித்து விட்டவளாக இருக்கலாம். முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். நான் ஒரு கதையில் நடுவில் மாற்றி, பாதி இடத்தில் அத்தையும் பாதி இடத்தில் பெரியம்மாவுமாக ஒரே அம்மாள் இரண்டு பேராக நடமாடினாள்.

நாயகிக்குத் தோழி ஒருத்தி வேண்டும். சங்கப் பாட்டில் பரத்தை வீட்டிலிருந்து அசடு வழியத் திரும்பும் தலைவனை வாசலிலேயே நிறுத்தி நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பாளே, அந்த மாதிரி. அவனுக்கு ‘வாலே’ என்கிற அந்தரங்க வேலையாள் ஒருத்தன் வேண்டும், கழுத்துத்துணி கட்டிவிடுகிறவன், எஜமான் திருந்தியதில் மனசு உடைந்துபோனவன். நல்ல துணிமணியெல்லாம் வீணாகிறதே என்ற கவலை.

ஏழாவது படி: பேச்சு

‘மை லார்ட்’ என்பதைப் ‘பிரபுவே’ என்று எழுதினால் ஒன்று நாடகக் கொட்டகை, இல்லையென்றால் சர்ச். ‘மை லார்ட்’ என்றே தமிழில் எழுதிவிடுங்கள், வாசகிக்குப் பழகிவிடும். பட்டங்களில் தடுமாறாதீர்கள்: டியூக்கை ‘யுவர் கிரேஸ்’ என்பார்கள். ‘சர்’ போட்டால் பின்னால் முதல் பெயர்தான் வரும், குடும்பப் பெயர் மட்டும் வராது. வீட்டில் மூத்த பெண் மட்டும்தான் வெறும் மிஸ் ப்ரூம், தங்கைக்கு முதல் பெயரும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழில் நமக்கு ஒரு ஆயுதம் இருக்கிறது, ஆங்கிலக் கதைக்காரர்களுக்குக் கிடைக்காதது. ‘நீங்கள்’ எப்போது ‘நீ’ ஆகிறது? அவன் பக்கத்திலிருந்து ஆகக் கூடாது. பெண்களை ஒரே நாளில் ‘நீ’ என்று பேசிப் பழகினவன், இவளிடம் முன்னூறு பக்கம் ‘நீங்கள்’ என்றே பேசட்டும். அதே மாதிரி பெயர். புருஷன் பெயரை வாயால் சொல்லாத பாட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், அந்தக் காலத்து இங்கிலாந்திலும் கட்டின புருஷனை ‘மிஸ்டர் இன்னார்’ என்றே கூப்பிட்ட பெண்கள் நிறைய. எனவே அவள் வாயிலிருந்து ‘நெட்’ என்று முதல் தடவை வருவது பெரிய விஷயம். நிலா வெளிச்சத்தில் வேண்டாம். குதிரை அவள் காலை மிதிக்கப்போகும்போது, கத்தலாக வரட்டும்.

உரையாடலில் அவன் வாக்கியம் நீளம், அவளுடையது குட்டை.

“மிஸ் ப்ரூம், நான் மாறிவிட்டேன்.”

“எப்போதிலிருந்து?”

“செவ்வாய்க்கிழமையிலிருந்து.”

“இன்று வியாழன். வெண்ணெய்கூட மூன்று நாள் கெடாமல் இருக்கும், மிஸ்டர் ஹாலோவே.”

எட்டாவது படி: இரண்டு தடவை கேட்க வேண்டும்

முதல் தடவை பாதியில், தோற்க வேண்டும். அவன் அழகாகப் பேசுவான், அவளும் அசைந்துபோவாள், அதனாலேயே மறுப்பாள். இரண்டாவது தடவைக்குப் பூங்கொத்து வேண்டாம், ஒரு வக்கீலைக் கொண்டுவாருங்கள்.

காரணம் இருக்கிறது. மூன்றாவது படியில் பார்த்த சட்டத்துக்கு ஒரே ஒரு தடுப்பு உண்டு. கல்யாணத்துக்கு முன்பே ஒப்பந்தம் எழுதி, பெண்ணின் பணத்தை அவளுடைய தனி உபயோகத்துக்கென்று அறங்காவலர்கள் பெயரில் வைத்துவிட்டால், சான்சரி நீதிமன்றம் அதை ஏற்றுக்கொள்ளும், புருஷனோ அவன் கடன்காரர்களோ தொட முடியாது. பணக்கார வீடுகளில் அப்பாமார்கள் பேரம் பேசி எழுதிவாங்குவது அது. ஹாரியட்டுக்கு அப்பா இல்லை. நெட்டே போய் எழுதவைக்கிறான். 8,000 பவுண்டில் ஒரு பென்னிகூடத் தனக்கு வரக் கூடாது என்கிறான். ஒவ்வொரு விதியையும் தனக்கு எதிராக இறுக்கிக்கொண்டே போகிறான். வயதான வக்கீல் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைக்கிறார்: “மன்னிக்கணும் ஐயா, நான் உங்கள் பக்கத்து வக்கீல்.”

அந்தக் காகிதக் கட்டை ஹாரியட் உட்கார்ந்து படிக்கிறாள். முழுசாக, இரண்டு தடவை. அவன் எதிரே நின்றுகொண்டிருக்கிறான், வாயைத் திறக்கவில்லை. பதினோராம் பக்கத்தில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்துகிறாள். என்னைக் கேட்டால் இந்த வகைக் கதையில் இதைவிடக் காதலான காட்சி கிடையாது.

கல்யாணத்துக்கு எல்லாரும் ஸ்பெஷல் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள், கான்டர்பரி ஆர்ச்பிஷப் தரும் அனுமதி, எந்த இடத்திலும் எந்த நேரத்திலும் கட்டலாம். எனக்கு அதில் ருசி இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மூன்று வாரம் பெயர் படித்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று பாதிரியார் கேட்கும் முறையே போதும். அந்த மூன்று ஞாயிறும் நெட் பெஞ்சில் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருப்பான். பின்னால் யாரோ தும்முவார்கள்.

ஒன்பதாவது படி: மறுபடி படிப்பது, எங்கே நிறுத்துவது

எழுதி முடித்ததும் இரண்டு வாரம் மூடிவையுங்கள். அப்புறம் மூன்று தடவை தனித்தனியாகப் படியுங்கள். முதல் தடவை பொருள்களுக்கு மட்டும்: ரயில், தீக்குச்சி, போலீஸ்காரர், தபால்தலை, எதுவும் இருக்கக் கூடாது (லண்டன் போலீஸ் 1829, தபால்தலை 1840). இரண்டாவது தடவை அவன் திருந்தியதைத் தன் வாயால் எத்தனை தடவை சொல்கிறான் என்று எண்ணுங்கள், இரண்டுக்கு மேல் போனால் வெட்டுங்கள். மூன்றாவது தடவை ஹாரியட்டின் பயத்தைப் பார்த்து யாராவது சிரிக்கிறார்களா என்று தேடுங்கள். அத்தை சிரித்தால்கூட எடுத்துவிடுங்கள்.

பின்னுரையில் ஐந்து வருஷம் கழித்து மூன்று குழந்தைகளோடு புல்வெளியில் உட்காரவைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. தேவையில்லை. இரண்டாவது ஞாயிறுக்கும் மூன்றாவது ஞாயிறுக்கும் நடுவில் நிறுத்தலாம். இப்போது நிச்சயமாகிவிட்டது, ஹாரியட் பெயருக்கே அவன் எழுதலாம். தபால்காரன் வருகிறான். ஒரே ஒரு தாள், அதுவும் லண்டனிலேயே முன்கூட்டிக் காசு கட்டி அனுப்பியிருக்கிறான். அப்படிச் செய்வது அந்தக் காலத்தில் கொஞ்சம் அவமரியாதை, வாங்குகிறவருக்கு வக்கில்லை என்று சொல்கிற மாதிரி. “நம்மை என்ன பஞ்சத்தில் அடிபட்டவர்கள் என்று நினைத்துவிட்டானா?” என்று அத்தை பர்ஸைத் திறந்து மூடுகிறாள். ஹாரியட் ஜன்னலோரம் போய்ப் படிக்கிறாள். படித்து முடித்துத் தாளைத் திருப்பிப் பார்க்கிறாள், மறுபடி முன்பக்கம் பார்க்கிறாள், உறையில்லாத அந்த மடிப்புக்குள் விரலை விட்டுப் பார்க்கிறாள்.

“என்ன தேடுகிறாய்?”

“மீதி மூன்று தாள், அத்தை.”